ரத்தம் குறைவு, சுருள்பாசி மட்டும் போதுமா?

ஒத்தக்கடை வாசகர் கேட்டது, 3 மார்ச் 2024

வீட்டுக்காரிக்கு எச்பி (ஹீமோகுளோபின்) 8.2. வயது 41. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரையைப் போட்டால் வயிறு எரிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட்டாள். பக்கத்துத் தெருவில் ஒருவர் சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை விற்கிறார். கீரையைவிடப் பல மடங்கு இரும்பு, பாலைவிடப் பல மடங்கு கால்சியம், பக்கவிளைவே கிடையாது, ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி எல்லாம் மூன்று மாதத்தில் சரியாகும் என்கிறார். அரை கிராம் மாத்திரை, டப்பாவுக்கு 60, விலை 450 ரூபாய். எனக்கும் சர்க்கரை இருக்கிறது. இரண்டு பேரும் சாப்பிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

அண்ணே, அந்தச் சிவப்பு மாத்திரையை, அதாவது இரும்புச் சத்து மாத்திரையை, நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எச்பி எட்டு, ஏழு என்று அச்சாகி வருகிற தாளை வாங்கிக்கொண்டு "எனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்குகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் இருப்பதாலேயே அது யாருக்கும் வியாதியாகத் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது. அக்கா அந்த எட்டை ஒட்டித்தான் நிற்கிறார்.

இப்போது டப்பாவைக் கணக்குப் போடுவோம். 60 மாத்திரை, ஒன்று அரை கிராம், ஆக மொத்தம் 30 கிராம். காய்ந்த சுருள்பாசி 100 கிராமில் 28.5 மில்லிகிராம் இரும்பு என்பது அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல் தருகிற அளவு. அப்படியானால் டப்பா முழுவதிலும் எட்டரை மில்லிகிராம். அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். டப்பாவை மொத்தமாக விழுங்கினாலும் ஒரு மாத்திரையில் ஏழில் ஒரு பங்குதான் வருகிறது.

புரதமும் அப்படியே. பாசியில் எடைக்குப் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மை, 57 சதவீதம். ஆனால் 30 கிராமில் 17 கிராம் புரதம், அது மூன்று முட்டையில் கிடைத்துவிடும். கால்சியத்தில் பாலும் காய்ந்த பாசியும் எடைக்கு எடை ஏறக்குறைய சமம், 100 கிராமுக்கு 120 மில்லிகிராமை ஒட்டி. பாலை டம்ளர் டம்ளராகக் குடிக்கிறோம், பாசியை ஒரு நாளைக்கு இரண்டு கிராம் சாப்பிடுகிறோம். "பல மடங்கு" என்று சொல்கிறவர்கள் எத்தனை கிராமுக்கு என்பதைச் சொல்வதில்லை, கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அக்காவுக்கு ஏன் ரத்தம் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது?

4 மார்ச், காலை

வயிற்று எரிச்சலுக்கு வருகிறேன். இரும்பு மாத்திரை வயிற்றைப் பிடிக்கும் என்பது பொய்யில்லை, நானே பிரசவத்துக்கு முன்னால் பட்டிருக்கிறேன். குமட்டும், மலச்சிக்கல் வரும். மலம் கறுப்பது உடம்பில் ஏறாமல் மிஞ்சிய இரும்பு வெளியே போவதால், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். (மாத்திரை போடாத ஆளுக்குத் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அது வேறு கதை, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.)

வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், ஏறுவது கொஞ்சம் குறையும், ஆனால் நிறுத்துவதற்கு அது எவ்வளவோ மேல். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. டீ, காபி, பால் கூடவே கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். நம் வீடுகளில் டீயை வைத்துத்தான் மாத்திரையே விழுங்குகிறார்கள். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் பதினோரு மணி டீயோடு அதைப் போட்டு முடித்துவிடுவார்கள், அப்புறம் மூன்று மாதம் கழித்து எச்பி அரைப் புள்ளிகூட ஏறவில்லையே என்பார்கள்.

அப்புறம், தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இரும்பு குறைந்த பெண்களிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது அது உடம்பில் நன்றாக ஏறியதை 2017இல் ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு மாத்திரை போட்டதும் ஈரலில் இருந்து ஹெப்சிடின் என்கிற ஒரு பொருள் சுரந்து, அடுத்த இரும்பைக் குடலிலேயே தடுத்துவிடும், ஒரு நாள் இடைவெளி விட்டால் அது தணிந்துவிடும் என்பதுதான் காரணம். வேறு வகை இரும்பு உப்பும் இருக்கிறது, மாற்றித் தருவார்கள். இவ்வளவு வழி இருக்கும்போது ஒரேயடியாக நிறுத்துவானேன்?

4 மார்ச், மதியம்

வாடிப்பட்டித் தம்பி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். தான் வாங்கும் பொடியின் அட்டையில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராம் இரும்பு என்று போட்டிருக்கிறதாம், நான் வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறேனாம்.

தம்பி, இருக்கலாம். பாசி வளர்க்கிற தண்ணீரில் இரும்பு உப்பு போடுவார்கள், தொட்டிக்குத் தொட்டி அளவு மாறும். உங்கள் அட்டையையே வைத்துக்கொள்வோம். அப்போதும் 30 கிராம் டப்பாவில் 30 மில்லிகிராம், ஒரு சத்து மாத்திரையில் பாதி. நேற்று ஏழில் ஒரு பங்கு என்றேன், உங்கள் பொடிக்கு இரண்டில் ஒரு பங்கு. டப்பா பதினைந்து நாளைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

7 மார்ச்

நான் சுருள்பாசிக்கு எதிரி என்று நினைத்துவிட்டார்கள் போல. அதை வளர்க்கிற வீட்டில்தான் நான் விடுமுறைக்குப் போகிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எங்கள் மதினி அலங்காநல்லூர்ப் பக்கம் மகளிர் குழுவில் சேர்ந்து தொட்டி போட்டிருக்கிறார். முழங்கால் உயரம்கூட இல்லாத சிமெண்ட் தொட்டிகள், மேலே பச்சை வலைப் பந்தல். தண்ணீரில் சோடா உப்பு, கல்லுப்பு, இன்னும் சில உரங்கள் போட்டுக் காரத்தன்மையை ஏற்றி வைக்கிறார்கள். பிஎச் 9.5, 10 என்று இருக்கும்போது வேறு பாசியோ கிருமியோ லேசில் தலைதூக்காது, இது மட்டும் செழிக்கும். முப்பது முதல் முப்பத்தேழு டிகிரிச் சூடு அதற்கு உகந்தது, மதுரைக்குச் சொல்லவா வேண்டும். பகலெல்லாம் அடிக்கடி துடைப்பத்தால் கலக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மேலே மிதப்பது வெயிலில் வெந்துவிடும், அடியில் கிடப்பது வெளிச்சமில்லாமல் செத்துவிடும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், சோடா உப்பு பட்டதும் அதில் இருக்கிற சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும். ஆரம்பத்தில் அந்தப் படிவோடேயே அறுவடை செய்து பொடியில் நறநறவென்று வந்தது என்று மதினி சொன்னார். இப்போது தெளியவைத்த தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள்.

விடிகாலையில் வாளியால் மொண்டு துணியில் ஊற்றி வடிகட்டுவார்கள். துணியில் தங்குகிற கரும்பச்சை விழுதை நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, கட்டையை வைத்து அழுத்தி, முறுக்கு உரலில் போட்டு வலைத்தட்டின் மேல் இழை இழையாகப் பிழிந்து காயவைப்பார்கள். பங்குனி வெயிலில் மத்தியானத்துக்குள் நொறுங்குகிற பதம் வந்துவிடும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து கிராம் காய்ந்த பாசி கிடைத்தால் நல்ல விளைச்சல். ஐந்து பெண்கள் தொட்டியோடு தொட்டியாக நின்று எடுக்கிற பொருள் அது, அதன் விலை எதற்கு என்பது எனக்குத் தெரியும்.

ஒருமுறை ஒரு சின்னப் பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் கூடத்து நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். நாற்பது மடங்கு லென்ஸில், பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி நீலப்பச்சைச் சுருள்கள், சில மெதுவாகத் திருகிக்கொண்டே நகர்ந்தன. அன்றைக்குக் காலையில்தான் இன்னொருவருடைய ரத்தத்தைச் சாயமிட்டுப் பார்த்திருந்தேன், இரும்பு இல்லாமல் செல்கள் சிறுத்து, நடுவெல்லாம் வெளுத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு வளையம். அடுத்தடுத்து இரண்டையும் பார்த்ததால் மனதில் நின்றுவிட்டது. இந்தச் சுருள் அந்த வளையத்தை நிரப்பிவிடும் என்று ஒருவர் நம்பி மாத்திரையைத் தூக்கிப் போட்டால், நஷ்டம் வாங்கியவருக்கு மட்டுமில்லை, நாளைக்கு "பாசி ஏமாற்று வேலை" என்று பெயராகி எங்கள் மதினி மாதிரி நேர்மையாக வளர்க்கிறவர்களுக்கும்தான்.

8 மார்ச்

நாற்றத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், லேசான மீன்வாடை உண்டு. அது இயல்பு. அழுகிய வாடை அடித்தால் வாங்காதீர்கள், சரியாகக் காயாத சரக்கு.

12 மார்ச்

ஒத்தக்கடை அண்ணன் தன் சர்க்கரையைப் பற்றி மறுபடி கேட்டிருக்கிறார். எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற அளவு) 8.4 என்கிறார்.

சர்க்கரைக்குச் சுருள்பாசியைப் பற்றி ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. 2001இல் வெளிவந்த வதோதரா ஆய்வு ஒன்றில் 25 பேர், நாளைக்கு 2 கிராம், இரண்டு மாதம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் கொஞ்சம் குறைந்தன. கொழுப்பைப் பற்றிப் பல சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் கொஞ்சம் குறைகிறது என்றே சொல்கிறார்கள். ரத்த அழுத்தத்திலும் சிறு இறக்கம் தெரிகிறது. 2008இல் துருக்கியில், தூசி பட்டால் விடாமல் தும்முகிறவர்களுக்கு நாளைக்கு 2 கிராம் கொடுத்ததில் மூக்கொழுகலும் தும்மலும் மூக்கடைப்பும் குறைந்தன. எல்லாவற்றிலும் ஆள் எண்ணிக்கை சொற்பம், காலம் குறைவு. ஆனாலும் எனக்கு இவை பொய்யாகத் தோன்றவில்லை. பைகோசயனின் என்கிற நீல நிறமி அழற்சியைத் தணிக்கிறது என்பதற்கு ஆய்வுக்கூட ஆதாரம் நிறைய உண்டு.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று அந்த ஆய்வுகளில் எதுவும் சொல்லவில்லை. எங்கள் சித்தி அதைத்தான் செய்தார். யாரோ ஒரு கூட்டத்தில் வைத்துப் பச்சைப் பொடி விற்றார்கள், "இனி இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்றார்கள், சித்தியும் சர்க்கரை மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் சீழ் வைத்து, விரலை எடுக்கும்படி ஆயிற்று. எடுத்த ரத்தத்தைச் சோதித்தது நான்தான், சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பொடி சித்தியை ஒன்றும் செய்யவில்லை, நல்ல பொடியாகவே இருந்திருக்கலாம். பொடியோடு சேர்த்து விற்ற அந்த வார்த்தைதான் விரலை எடுத்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

அண்ணே, நீங்கள் ஆசைப்பட்டால் இரண்டு கிராம் சாப்பிடுங்கள். மாத்திரை அதன் பாட்டுக்கு ஓடட்டும், டாக்டரிடம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

13 மார்ச்

நேற்றையதோடு இதையும் சேர்க்க வேண்டும், படுத்தபிறகுதான் தோன்றியது. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறையும். பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், மறதி என்று வரும், ரத்தசோகையும் வரும், அதில் செல்கள் சிறுக்காமல் பெருத்திருக்கும். இந்த இடத்தில் "சுருள்பாசியில் பி12 கொட்டிக் கிடக்கிறது, சைவக்காரர்களுக்கு வரப்பிரசாதம்" என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி போலிப் பி12, நம் உடம்பு அதைப் பயன்படுத்த முடியாது. நுண்ணுயிரை வைத்து அளக்கிற பழைய சோதனை முறையில் அந்த நுண்ணுயிர் போலியையும் தின்று வளர்ந்துவிடுவதால் அளவு பெரிதாகத் தெரியும். அதே எண்ணைத்தான் அட்டையில் அச்சடிக்கிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பால், தயிர், மோரை விடக்கூடாது. குறைந்துவிட்டால் பி12 மாத்திரையோ ஊசியோதான். மருந்துக்கடையில் விலையும் அதிகமில்லை.

19 மார்ச்

மேலூர் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கேட்கிறார்: "குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? கடலைமிட்டாயில் கலந்து தருகிறோம் என்று ஒரு குழு வந்திருக்கிறது."

அக்கா, இதில்தான் எனக்குச் சுருள்பாசிமேல் உண்மையான மரியாதை. சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி, கிராமத்துப் பெண்கள் கையாலேயே வளர்க்கிற மாதிரி இதை எளிமையாக்கப் பல வருடம் உழைத்தார். பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நாளைக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், கண்ணின் வெள்ளையில் விட்டமின் ஏ குறைவால் வருகிற நுரைப் புள்ளி வெகுவாகக் குறைந்தது. பாசியில் உள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் விட்டமின் ஏ ஆகிறது. ஒரு கிராமில் பெரிதாக எதுவும் சாதிக்க முடிகிற சத்து அது ஒன்றுதான், ஏனென்றால் அதன் தேவையே மைக்ரோகிராம் கணக்கு. இரும்பையும் புரதத்தையும் நான் கணக்குப் போட்டுக் கழித்தது இதற்குப் பொருந்தாது.

விட்டமின் ஏ எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகத்துக்குச் சொன்னதில் நம் மதுரைக்குப் பங்கு உண்டு. அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹமத்துல்லா குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 15,419 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை சின்ன அளவு விட்டமின் ஏ கொடுத்தார்கள், இறப்பு 54 சதவீதம் குறைந்தது. 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அண்ணா நகர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

ஆனால் ஒன்று. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை விட்டமின் ஏ திரவம் துணைச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதை முதலில் ஒரு குழந்தைக்கும் விடாமல் போட்டுவிடுங்கள். கடலைமிட்டாய் அதற்கு மேலே. மிட்டாய் கொண்டுவருகிற குழுவிடம் உரிம எண்ணையும், ஈயம், ஆர்செனிக், பாசி நஞ்சுக்கான சோதனை அறிக்கையையும் கேளுங்கள். இந்தப் பாசி தண்ணீரில் இருக்கிற உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளும், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதுதான் முக்கியம். அறிக்கை இல்லை என்றால் குழந்தைகளுக்கு வேண்டாம்.

20 மார்ச்

ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசியும் இதுவும் ஒன்றா என்று ஒரு தம்பி. இல்லை தம்பி. அது கடல் செடி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாறையில் இருந்து பறித்து வருவது, காய்ச்சினால் இறுகும். இது காரத் தண்ணீரில் வளர்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிரி, சொல்லப்போனால் செடியே இல்லை, பாக்டீரியா இனம். மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் ஏரியில் இருந்து அள்ளிக் காயவைத்துத் தின்றார்கள், ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் இன்றைக்கும் மணலில் ஊற்றிக் காயவைத்து வில்லையாக வெட்டிக் குழம்பில் போடுகிறார்கள். ஜிகர்தண்டாவை ஜிகர்தண்டாவாகவே குடிப்போம்.

27 மார்ச்

யார் சாப்பிடக்கூடாது என்று கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். "பக்கவிளைவே கிடையாது" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் எதையும் வாங்காதீர்கள், எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற வியாதிக்காரர்கள், அதாவது முடக்குவாதம், லூபஸ் மாதிரி உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இந்தப் பாசி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும், அவர்களுக்கு அதுதான் வினை. மூட்டுவலி என்று பொதுவாகச் சொல்லி விற்கும்போது முடக்குவாதக்காரருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தைராய்டும் அப்படித்தான், நம் ஊரில் பெண்களுக்கு வருகிற தைராய்டுக் குறைவில் நிறைய இந்த வகையைச் சேர்ந்தது. தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் போடுகிறவர்கள் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாசிக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ஃபீனைல்கீட்டோன்யூரியா (புரதத்தில் இருக்கிற ஒரு பொருளை உடம்பு உடைக்க முடியாத பிறவிக் குறை) உள்ள குழந்தைகள், யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்கள், இவர்களும் தள்ளி இருப்பது நல்லது. அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வந்திருக்கிறது.

ஏரியில் இயற்கையாக விளைந்தது என்று பெருமையாகப் போட்டு வருகிற நீலப்பச்சைப் பாசியில் ஈரலைக் கெடுக்கிற மைக்ரோசிஸ்டின் நஞ்சு கலந்து வர வாய்ப்பு அதிகம். கட்டுப்பாட்டோடு தொட்டியில் வளர்த்தது மேல்.

பக்கத்துத் தெருக்காரரைப் பற்றி: சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். சத்துப் பொருள் டப்பாவில் மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று அச்சடித்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. திருப்பிப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும்.

2 ஏப்ரல்

இவ்வளவு சொல்கிறீர்களே, சாப்பாட்டில் என்னதான் செய்வது என்று கேட்டால், மதுரைக்காரர்கள் கேட்கிற கேள்வியா இது! சுவரொட்டி. காலையில் கறிக்கடையில் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு இரும்பு 40 மில்லிகிராமை ஒட்டி இருக்கும், அதுவும் உடம்பு சுலபமாக ஏற்கிற வகை. மேலே இருக்கிற தோலை உரித்து, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கினால் வாடை தெரியாது, ஆனால் நன்றாக வேக வேண்டும். எங்கள் அம்மா பிரசவித்த பெண்களுக்கு இதைத்தான் செய்து கொடுப்பார். யூரிக் அமிலக்காரர்களுக்கு இதுவும் ஆகாது.

சைவத்துக்கு முருங்கைக்கீரை, கூட எலுமிச்சை. கேப்பைக் கூழ் கால்சியத்துக்கு. மதினிகூடத் தன் குழுப் பிள்ளைகளுக்குப் பாசியைக் கேப்பை உருண்டையில்தான் கலந்து கொடுக்கிறார்.

இவையெல்லாம் ரத்தம் மறுபடி குறையாமல் இருக்க. எட்டில் நிற்கிறவரைப் பன்னிரண்டுக்கு ஏற்ற மாத்திரை வேண்டும். சாப்பாட்டிலேயே ஏற்றிவிடலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

18 ஏப்ரல்

ஒத்தக்கடை அண்ணன் எழுதியிருக்கிறார், நீளமாக. சுருக்கிச் சொல்கிறேன். அக்காவுக்கு மாதவிலக்கு ஒன்பது பத்து நாள் கட்டிகட்டியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, இரண்டு வருடமாக. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நான் முதல் நாள் கேட்ட கேள்வியை இவர் போய்க் கேட்டபிறகுதான் வாயைத் திறந்திருக்கிறார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. அதற்கு வைத்தியம் ஆரம்பித்திருக்கிறார்கள். இரும்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறார், எரிச்சல் குறைந்திருக்கிறது. எச்பி இப்போது 9.6.

ஓட்டைப் பக்கம் பார்க்காமல் எந்தச் சத்தை ஊற்றினாலும் நிற்காது அண்ணே, நீங்கள் கேட்டது பெரிய காரியம். 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், உடம்பின் சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதமாவது போட வேண்டியிருக்கும், டாக்டர் சொல்லும்வரை. இதைப் படிக்கிற ஆண்கள் எல்லோரும் இன்றைக்கு வீட்டில் இதே கேள்வியைக் கேளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

24 ஏப்ரல்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினதற்கு வந்த மதினி வீட்டிலேயே தங்கிவிட்டார், இருவரும் உட்கார்ந்து அவர்கள் குழுவின் புது அட்டைக்கு வாசகம் எழுதினோம். "சர்க்கரை, ரத்தசோகை, மூட்டுவலி தீரும்" என்று அச்சகக்காரர் தானாகவே சேர்த்திருந்த வரியை எடுத்துவிட்டோம். ஒரு கிராமில் என்னென்ன சத்து எவ்வளவு, அறுவடைத் தேதி, சோதனை அறிக்கை எண், உரிம எண், வெளிச்சம் படாத டப்பாவில் மூடி வைக்கவும், மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டாம். இவ்வளவுதான். விற்பனை குறையுமோ என்று மதினிக்குக் கவலை இருக்கிறது, குழுவில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டவர்களுக்கு: மோரிலோ பழச்சாற்றிலோ அரைத் தேக்கரண்டி கலக்குங்கள். கொதிக்கிற குழம்பில் போட்டால் நீல நிறமி வீணாகிவிடும். முதல் வாரம் அரை கிராமில் ஆரம்பித்து, வயிறு ஒத்துக்கொண்டால் கூட்டுங்கள்.